இரப்புரையன்று, எடுத்துரை!

தொழில் ஒன்று முளைப்பதற்கு அறிவு வேண்டும். அது வளர்வதற்கு உழைப்பு வேண்டும். அவ்விரண்டும் களத்தில் இறங்குவதற்குக் கைம்முதல் வேண்டும். முன்னிரண்டும் தமிழிளைஞரிடம் குறைவின்றி உள. மூன்றாவது பிறர் பெட்டியில் உளது. அப்பெட்டியைத் திறக்குமாறு கேட்க வேண்டிய அவையில்தான் இற்றைத் தமிழிளைஞர் பலர் நாத் தடுமாறி நின்று வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். அத் தடுமாற்றத்தின் வேர் எது என்று காண்பதும், அதைக் களையும் வழி சொல்வதும் தமிழ்நலம் கருதுவார் கடமை.

'புத்தொழில்' என இன்று வழங்கும் முயற்சிகளுக்கு முதலிடுவோர், செல்வர் சிலரும், பலர் பணத்தைத் திரட்டி இடும் நிறுவனங்களும் ஆவர். வங்கி ஈடு கேட்கும், வட்டி கேட்கும். இவர்கள் ஈடு கேளார், வட்டி கேளார், தொழிலில் பங்கு கேட்பர். தொழில் வீழ்ந்தால் அவர் பணமும் உடன் வீழும். ஆகவே, பணம் இடுமுன் தொழில் முனைவோரை அழைத்துப் பத்து மணித்துளியோ இருபது மணித்துளியோ பேசச் செய்து, குறுக்கே வினவித் தேர்வர். அவ்வுரையை ஆங்கிலத்தார் 'பிட்ச்' என்பர். திரையில் காட்டும் தாள்கள் பத்துப் பன்னிரண்டு அதற்குத் துணையாகும். தமிழில் இதனை 'எடுத்துரை' என்று சொல்லல் பொருந்தும். 'வேண்டுரை' என்று சொல்லாமைக்குக் கரணியம் உண்டு. வேண்டுவோர் கையேந்துகின்றனர், எடுத்துரைப்போர் கணக்குக் காட்டுகின்றனர். முதலிடுவோர் தருவது ஈகை அன்று, அவர் விதைக்கின்றார். விதைப்பவரிடம் நிலத்தின் இயல்பைச் சொல்ல வேண்டுமேயன்றி, வயிற்றைக் காட்ட வேண்டுவதில்லை.

ஆயின், அவையில் நடப்பது என்ன? தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுப் பகுதியிலிருந்து வரும் பொறியியல் படித்த இளைஞர் ஒருவரைக் கருதிக் கொள்க. தக்காளி விலை விழும் நாள்களில் பறித்த கூலிக்கும் காணாது என்று உழவர் அதைச் சாலையோரத்தில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். கதிரவன் ஒளியால் இயங்கும் சிறு குளிரறை ஒன்றை உருவாக்கி, ஊர்ப் பொதுவிடத்தில் நிறுத்தி, கூடைக்கு இவ்வளவு கட்டணம் என்று ஓட்டியும் பார்த்துவிட்டார். திண்ணையில் அமர்ந்து பக்கத்து ஊர் உழவர்க்கு அதை ஐந்து மணித்துளியில் விளக்கி விடுவார். கேட்டவர் மறுநாளே கூடையோடு வந்து நிற்பார். அவரே சென்னையில் குளிரூட்டிய அவையொன்றில் நின்றவுடன், 'ஏஐ எனேபிள்டு அக்ரிடெக் பிளாட்பாரம்' என்று தொடங்குகின்றார். உழவரும் அதில் இல்லை. தக்காளியும் அதில் இல்லை. குளிரறையும் அதில் இல்லை. எதிரே அமர்ந்தவர் ஆங்கிலத்தில் வினவுகின்றார். வினாவின் பொருள் விளங்குமுன் விடை வந்துவிடுகின்றது; அவ்விடை வேறொரு வினாவிற்கு உரியது. இறுதியில், 'இவர்க்குத் தெளிவு போதாது' என்று ஒரு வரி எழுதி மடித்துவிடுகின்றனர்.

தெளிவு போதாதது அவ்விளைஞரின் கருத்திலா? இல்லை. அவர் கடன் வாங்கிப் பேசிய மொழியில். இதில் நகைப்பிற்கிடமானது யாதெனில், இருபுறத்தும் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் தமிழர். கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, கடையில் தமிழ் பேசி, அவைக்குள் நுழையும்போது மட்டும் நாவைக் கழற்றி வாயிலில் வைத்துவிட்டு வருகின்றனர்.

'முதலீட்டு உலகின் மொழி ஆங்கிலம். அங்குத் தமிழுக்கு இடமேது?' என்று வினவும் அறிவாளர் உளர். அவர்க்கு வரலாறே விடை சொல்லும்.

முனைவோர் ஒருவர் செல்வர் சிலர் முன் நின்று தம் தொழிலை எடுத்துரைக்க, அவர்கள் அங்கேயே பணம் தருவதும் மறுப்பதுமாக அமைந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இன்று உலகெங்கும் காண்கின்றனர். அவ்வடிவம் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. 2001-ஆம் ஆண்டு சப்பானில், சப்பானிய மொழியில், 'பணப்புலிகள்' என்னும் பொருள்படும் பெயரோடு அது பிறந்தது. பிரித்தானியர் அதை 2005-ஆம் ஆண்டில்தான் எடுத்துக்கொண்டனர். அமெரிக்கர் 2009-ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டனர். இந்தியாவில் அது 2021-ஆம் ஆண்டு திசம்பரில் வந்தபோது இந்தியில் ஒலித்தது. சப்பானிய மொழியில் கேட்டபோது பணம் வந்தது. இந்தியில் கேட்டபோதும் வந்தது. தமிழில் கேட்டால் மட்டும் பெட்டி பூட்டிக்கொள்ளுமோ? 2025-ஆம் ஆண்டில் தமிழ்த் தொலைக்காட்சியிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று வரவே வந்தது. அதற்கு இட்ட பெயர் 'சுடார்ட்டப் சிங்கம்'! பேச்சைத் தமிழில் வைத்தும் பெயரில் பாதியை ஆங்கிலத்திற்கு ஈந்த பெருந்தன்மையை என்னென்பது?

அண்மைக் காலத்தை விட்டுப் பின்னோக்கினும் உண்மை இதுவே. சுமத்திராத் தீவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அதை நாட்டியவர் அரசர் அல்லர். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். கடல் கடந்து சென்று, அயலார் கரையில் தம் வணிக ஒப்பந்தத்தைத் தமிழில் கல்லில் வெட்டும் துணிவு அவர்க்கு இருந்தது. பிற்காலத்தே நகரத்தார் பருமாவிலும் மலையாவிலும் ஈழத்திலும் கோடிக்கணக்கில் பணம் புரட்டியபோது, கணக்கெழுதிய மொழி தமிழ். இன்று கணக்காளர் 'பேலன்சு சீட்டு' என்பதை அவர்கள் 'ஐந்தொகை' என்றனர். 'லெட்சர்' என்பதைப் 'பேரேடு' என்றனர். முதல், வட்டி, பற்று, வரவு, இருப்பு, ஈவு, பங்கு ஆகிய சொற்கள் எல்லாம் தமிழ்ச் சந்தையில் புழங்கித் தேய்ந்து மெருகேறியவை. சொல் இல்லாமையால் தமிழ் ஒதுக்கப்படவில்லை. சொல்ல நாணியோரால் ஒதுக்கப்பட்டது.

எடுத்துரைக்கு இலக்கணம் காண விழைவோர் கலிபோர்னியாவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடிக்குச் சென்றால் போதும். 1906-ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே வெள்ளையர் கப்பல் நிறுவனமே தனியாட்சி செலுத்திய காலம் அது. அவர் மக்கள்முன் வைத்தவற்றை வரிசையாக எண்ணிப் பார்க்க. சிக்கல் யாது? கடல்வழி அயலான் கையில் இருப்பது. அதனால் துன்புறுவோர் யாவர்? சரக்கேற்றும் தமிழ் வணிகரும் பயணம் செய்யும் மக்களும். தீர்வு யாது? தமக்கெனக் கப்பல். பிறர் கப்பலைக் கூலிக்கு அமர்த்தி ஓட்டினால் என்ன? ஓட்டிப் பார்த்தார், வெள்ளையர் நெருக்கியதால் கப்பல் தந்தவர் பின்வாங்கினர், ஆகவே, உரிமைக் கப்பல் இன்றியமையாதது என்பது பட்டறிவால் தெளிந்தது. எவ்வளவு பணம் வேண்டும்? 10 இலக்கம் உருபா. அதை எவ்வாறு திரட்டுவது? பங்கொன்று 25 உருபாவாக 40,000 பங்குகள். பணம் எதற்கு? கப்பல் வாங்குவதற்கு.

இதில் எச்சொல் மிகை? எச்சொல் குறை? மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ஆம் ஆண்டில் நிறுவிய பாண்டித்துரையார் அந்நிறுவனத்தின் தலைவரானார். ஆசி முகமது பக்கீர் சேட்டு என்னும் ஒருவரே 2 இலக்கம் உருபாவிற்கு 8,000 பங்குகள் வாங்கினார். தமிழ்ச்சங்கம் கண்டவரும், வேற்றுச் சமயத்து வணிகரும், சிறுகடை வைத்திருந்தவரும் ஒரே கணக்கிற்கு இசைந்தனர். 'காலியா', 'இலாவோ' என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்கு வந்தன. வெள்ளையர் கட்டணத்தைக் குறைத்தும், இலவயமாக ஏற்றியும், குடை கொடுத்தும் போட்டியிட வேண்டியதாயிற்று. 1908-ஆம் ஆண்டில் அவரைச் சிறையில் அடைத்த பின்னரே அந்நிறுவனம் நலிந்தது. வெள்ளையர் ஆட்சி அவர் கையைக் கட்டியதேயன்றி, அவர் கணக்கைப் பொய்யென்று காட்டவில்லை.

இனி, எடுத்துரையில் நேரும் பிழைகளைக் காண்போர்க்குத் தமிழிலக்கணமே அளவுகோல் தருகின்றது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனத் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்தனர். அவற்றைப் புலவர் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே விட்டுவந்தனர் தமிழர். ஆனால், அவற்றுள் பல இற்றை முதலீட்டு அவைக்கென்றே சொன்னவை போலத் தோன்றும்.

தன்னான் ஒரு பொருள் கருதிக் கூறல் என்பது ஒன்று. தன் உள்ளத்தில் மட்டும் பொருள் உள்ள சொல்லைப் பிறர்முன் வழங்குவது அது. பாலக்கோட்டு இளைஞரின் முதற்சொற்றொடர் அக்குற்றம். மற்றொன்று விரித்தல் இன்னொன்று. குளிரறையால் உழவர்க்கு எஞ்சும் பணம் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய இடத்தில், அதில் பூட்டிய பொறியின் நுட்பத்தை ஐந்து தாள்களில் விரிப்பவர் இதற்கு ஆளாவார். பொறியைத் தாமே செய்தவர்க்கு அதன்மேல் காதல் இருப்பது இயல்பு. முதலிடுவோர்க்கு அக்காதல் இல்லை. மாறுகொளக் கூறல் மூன்றாவது. மூன்றாம் தாளில் வாங்குவோர் 400 பேர் என்றும், ஏழாம் தாளில் 650 பேர் என்றும் காட்டினால், அதன்பின் வரும் எந்த எண்ணையும் எவரும் நம்பார். குன்றக் கூறல் நான்காவது. 'எமக்குப் போட்டியே இல்லை' என்பது பெரும்பாலும் இக்குற்றமே. போட்டி இல்லாத தொழில் உலகில் இல்லை. குளிரறைக்குப் போட்டி மற்றொரு குளிரறை மட்டுமன்று. விலை ஏறும்வரை செடியிலேயே விட்டுவைக்கும் உழவரின் பழக்கமும், அன்றே வந்து அள்ளிச் செல்லும் தரகரும் போட்டியே. சென்று தேய்ந்திறுதல் ஐந்தாவது. உலகை மாற்றப் போவதாக முழங்கித் தொடங்கி, வரவு செலவு வந்தவுடன் குரல் தாழ்ந்து, திரையில் படிக்கவியலாத சிற்றெழுத்துப் பட்டியலைக் காட்டி முடிப்பது அது. நின்று பயனின்மை ஆறாவது. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று சொல்லாமலே 'நன்றி' என்னும் தாளோடு அமர்ந்துவிடும் எடுத்துரைகள் எத்தனை!

இக்குற்றங்களை நீக்கினால் எஞ்சுவது சிறிதாகவே இருக்கும். சிறிதாக இருப்பதே வேண்டுவது. 2015-ஆம் ஆண்டில் ஆர்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து, அமெரிக்க நிறுவனமொன்று 200 புத்தொழில்களின் எடுத்துரைத் தாள்களை ஆராய்ந்தது. முதலிடுவோர் ஒரு தொகுதியைப் பார்க்கச் செலவிட்ட நேரம், சராசரி 3 மணித்துளி 44 நொடியே என்று அவ்வாய்வு கண்டது. ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பை எடைபோட நான்கு மணித்துளியும் இல்லை. 10 தாள், 20 மணித்துளி, 30 புள்ளி அளவுக்குக் குறையாத எழுத்து என்று கய் கவாசாகி என்னும் அமெரிக்க முதலீட்டறிஞர் ஒரு வரம்பு சொன்னார். எழுத்து பெரிதானால் சொல் குறையும். சொல் குறைந்தால் கருத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதுவே அவ்வரம்பின் உட்பொருள்.

தேர்ந்தெடுக்க வேண்டியவையும் பலவல்ல. யாருக்கு என்ன துன்பம், அதை இதுவரை எவ்வாறு தாங்கி வருகின்றனர், புதிதாகச் செய்திருப்பது என்ன, அதை வாங்கியோர் எத்தனை பேர், மீண்டும் வந்தோர் எத்தனை பேர், ஒருவரிடமிருந்து வருவது எவ்வளவு, அவர்பொருட்டுச் செலவாவது எவ்வளவு, போட்டி யார், செய்வோர் யார், அவர் இதற்கு ஏன் தக்கார், எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை திங்கள் அது தாங்கும், அதற்குள் எட்டும் எல்லை எது. இவ்வளவே. இவற்றைத் தாளில் எழுதுமுன், தமிழில், தாய்க்குச் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். தாய்க்கு விளங்காதது முதலிடுவோர்க்கும் விளங்காது. 'பாலக்கோட்டு உழவர் விலை விழுந்த நாளில் தக்காளியைக் கொட்டுகின்றனர். பத்து நாள் கெடாமல் வைத்தால் அடுத்த விலைக்கு விற்கலாம். ஊருக்குள்ளேயே நிற்கும் குளிரறை செய்துள்ளோம். கூடைக்குக் கட்டணம் வாங்குகின்றோம்.' இந்நான்கு வரி தெளிந்துவிட்டால், அவற்றை ஆங்கிலத்தில் மட்டுமன்று, செருமானியத்திலும் சொல்லலாம். இவை தெளியாமல் எம்மொழியில் பேசினும் அஃது ஓசையே.

எண்களைச் சொல்வதில் இரண்டு வழிகள் உள. 'இந்தியாவில் 140 கோடி மக்கள். நூற்றில் ஒருவர் வாங்கினாலும் 1 கோடியே 40 இலக்கம் பேர்' என்பது ஒரு வழி. அந்த நூற்றில் ஒருவர் எங்குள்ளார், அவரிடம் யார் செல்வார், அவர் ஏன் வாங்குவார் என்பவற்றிற்கு அதில் விடை இல்லை. அது மிகைபடக் கூறல். 'மூன்று வட்டங்களில் தக்காளி பயிரிடும் உழவர் இத்தனை பேர். பறிப்புக் காலத்தில் நாளொன்றுக்கு ஒருவர்க்கு இத்தனை கூடை. ஓர் அறையில் அடங்குவது இவ்வளவு. ஆகவே, இத்தனை அறை. ஆண்டு வருவாய் இவ்வளவு' என்று கீழிருந்து மேலாக எண்ணிச் செல்வது மற்றொரு வழி. தொகை சிறியதாக வரும். ஆனால், கூட்டிப் பார்ப்பவர் கையிலும் அதே தொகையே வரும். முதலிடுவோர் தேடுவது அந்த நம்பகம்.

மிகையின் முடிவு யாதென்பதற்கு அமெரிக்காவின் தெரனோசு நிறுவனம் சான்று. விரல்நுனிக் குருதித் துளி சிலவற்றைக் கொண்டே மிகப்பல ஆய்வுகளைச் செய்துவிடலாம் என்று சொல்லி, 2003-ஆம் ஆண்டு தொடங்கிய அந்நிறுவனம் 70 கோடி தாலருக்கு மேல் திரட்டியது. பெயர்பெற்ற மருந்து நிறுவனமொன்றின் முத்திரையை, அதன் இசைவின்றித் தன் அறிக்கையில் பொறித்துக் காட்டியதும் வழக்கில் வெளிவந்தது. நிறுவனர் எலிசபெத்து ஓம்சு 2022-ஆம் ஆண்டு சனவரியில் முதலிட்டோரை ஏமாற்றிய குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் 11 ஆண்டிற்கு மேற்பட்ட சிறைத்தண்டம் பெற்றார். ஆங்கிலம் அவர்க்குத் தாய்மொழி, மேடைத்திறன் மிகுதி, பிறங்கடைச் செல்வர் பலர் அவர் பேச்சில் மயங்கினர். குறைந்தது ஒன்றே: வாய்மை. பேச்சழகு மட்டுமே எடுத்துரை என்று எண்ணும் இளைஞர் இதை மறவாதிருத்தல் வேண்டும்.

வள்ளுவர் பொருட்பாலில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதை அடுத்தே வினைத்தூய்மையை வைத்தார். சொல்லும் செயலும் இணைபிரியாதவை என்பதை அவ்வரிசையே உணர்த்தும். அவையறிதலுக்கு ஒன்று, அவையஞ்சாமைக்கு ஒன்று என இரண்டு அதிகாரங்களை வேறு வகுத்தார். எதிரே இருப்போர் எத்தொழிலில் முன்பு முதலிட்டவர், எவ்வளவு இடும் இயல்பினர் என்று அறிந்து செல்வது அவையறிதல். விடை தெரியாத வினா வந்தவிடத்து, 'அதை இன்னும் ஆராயவில்லை. இத்தனை நாளில் ஆராய்ந்து சொல்கின்றோம்' என்று நிமிர்ந்து சொல்வது அவையஞ்சாமை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி மழுப்புவதே அச்சம்.

பங்கைப் பற்றிய கணக்கிலும் இளைஞர் விழிப்பாக இருத்தல் வேண்டும். 50 இலக்கம் உருபா கேட்டுப் பத்து விழுக்காடு பங்கு தருவதாகச் சொல்பவர், அப்பணமும் சேர்ந்து தம் நிறுவனம் 5 கோடி உருபா பெறும் என்று சொல்கின்றார். அவ்வாறு சொல்வதை அறிந்தே சொல்கின்றாரா? அறியாமல் சொன்னால் அடுத்த வினாவில் சாய்வார். அன்றியும், முதற்சுற்றிலேயே பாதிப் பங்கை ஈந்துவிட்டவர், மூன்றாம் சுற்றில் தாம் பெற்ற தொழிலுக்குத் தாமே கூலியாள் ஆவார். முதலின்றி வளர்ந்த தொழிலும் உண்டு. சோகோ நிறுவனம் வெளியார் முதல் வாங்காமலே வளர்ந்து, தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலும் பணிமனை அமைத்தது. வெளியார் முதல் பெற்று வளர்ந்ததும் உண்டு. 2010-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய பிரெசுவொர்க்சு, 2021-ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இரண்டும் வழியே. எவ்வழி தமக்கு உகந்தது என்று தேர்ந்த பின்னரே அவையேற வேண்டும்.

ஆங்கிலம் வேண்டா என்பது இதன் பொருளன்று. பெங்களூரிலும் இலண்டனிலும் கலிபோர்னியாவிலும் முதல் கேட்பவர் அங்குள்ளார்க்கு விளங்கும் மொழியில் கேட்கத்தான் வேண்டும். ஆங்கிலம் கருவியாகட்டும்; அளவுகோலாக வேண்டா என்பதே கருத்து. 2022-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பொதுமக்கள் கைக்கு வந்த செயற்கையறிவுக் கருவிகள், எவர் கருத்தையும் நொடியில் பிழையற்ற ஆங்கிலமாக்கித் தருகின்றன. நேற்றுவரை நாலாயிரம் உருபாக் கட்டணப் பள்ளியில் படித்தவர்க்கும் நகராட்சிப் பள்ளியில் படித்தவர்க்கும் இடையே சுவராக நின்ற ஆங்கில நடை, இன்று எவரும் எடுத்துக்கொள்ளும் தண்ணீராயிற்று. ஆயின், அப்பொறி தரும் எடுத்துரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளாக உள்ளன. எல்லாவற்றிலும் அதே பெருமிதம். அதே வெற்றுச் சொல். இனி, வேறுபடுத்திக் காட்டுவது நடை அன்று. பட்டறிவும் எண்ணத் தெளிவுமே. அத் தெளிவு, எண்ணும் மொழியில் எழுதியவர்க்கே வாய்க்கும். ஆங்கிலம் மலிவான இக்காலத்தில் அதனையே தகுதியாகக் காட்டி இளைஞரைத் தள்ளுவோர், தள்ளுவதற்கு வேறு கரணியம் வைத்திருக்கின்றனர் என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, செய்ய வேண்டியவை சில உள.

முதற்கண், தமிழ்நாட்டரசு. புத்தொழிலுக்கென அரசு தனி இயக்கம் வைத்துள்ளது. மதுரை, ஈரோடு, திருநெல்வேலி முதலிய ஊர்களில் வட்டார நடுவங்கள் திறந்துள்ளது. தொடக்க நிலைத் தொழில்களுக்கு 10 இலக்கம் உருபாவும், மகளிர் நடத்துவன போன்ற சிலவற்றிற்கு 15 இலக்கமும் தரும் திட்டம் வகுத்தது. பட்டியலினத்தார், பழங்குடியினர் தொழில்களுக்கென 2022-2023-ஆம் ஆண்டில் 30 கோடி உருபா ஒதுக்கியது. இவை பாராட்டத்தக்கன. ஆனால், இது தமிழர் வரிப்பணம். இப்பணத்தைக் கேட்கும் விண்ணப்பமும், தேரும் அவையும், வினாவும், விடையும், மறுப்பிற்கான விளக்கமும் தமிழில் நடத்தல் வேண்டும். ஆங்கிலம் விரும்புவோர்க்கு அது இருக்கட்டும்; தமிழ் விரும்புவோர்க்குத் தமிழ் உரிமையாகட்டும்; தமிழில் பேசியதால் ஒரு மதிப்பெண்ணும் குறையாது என்பது எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்து, தமிழ்ச் செல்வர். திருப்பூரிலும் கரூரிலும் சிவகாசியிலும் நாமக்கல்லிலும் தொழிலால் உயர்ந்தோர் பலர் உளர். நிலத்திலும் பொன்னிலும் மட்டுமே பணத்தைப் புதைப்பது அவர்தம் வழக்கம். அதில் ஒரு சிறு பகுதியைக் கூட்டாகத் திரட்டி, தம் ஊரிளைஞர் எடுத்துரையைத் தம் மொழியில் திங்களுக்கு ஒருமுறை கேட்பாராயின், தருமபுரித் தக்காளிக்குச் சென்னையில் ஆங்கிலம் பேச வேண்டிய நிலை வாராது. 25 உருபாப் பங்கில் கப்பல் வாங்கிய இனத்திற்கு இது பெருஞ்செயலன்று.

மூன்றாவது, தமிழியக்கத்தார். மேடையில் 'தமிழில் எல்லாம் முடியும்' என்று முழங்குவதோடு நில்லாமல், வணிகம் கற்றவரும் கணக்கறிந்தவரும் ஊர்தோறும் இளைஞர்க்குப் பயிற்சி தரல் வேண்டும். ஒருவர் எடுத்துரைக்க, மற்றவர் உழவராகவும் முதலிடுவோராகவும் அமர்ந்து வினவ, பத்துக் குற்றங்களையும் ஒவ்வொன்றாகச் சுட்டித் திருத்தும் பட்டறைகள் வேண்டும். மூன்று வரியில் சொல்லி முடிக்கும்வரை எவரையும் தாள் தொட விடலாகாது. பற்றுவரவு, ஐந்தொகை, பங்குமதிப்பு, கையிருப்புக் காலம் போன்ற சொற்கள் அங்குப் புழங்கினால் அவை அகரமுதலியிலிருந்து இறங்கிச் சந்தைக்கு வரும். வாழும் சொல் வணிகர் வாயில் வாழ்வது; புலவர் நாவில் மட்டும் வாழ்வது காட்சிப்பொருள்.

மொழி பிழைப்பது பாட்டால் மட்டுமன்று, பணத்தாலும் பிழைக்கின்றது. ஒரு மொழியில் காதல் சொல்ல முடிகின்றது, கணக்குச் சொல்ல முடிவதில்லை என்னும் நிலை வந்துவிட்டால், அம்மொழியாளர் பாட்டைக் கேட்டுக்கொண்டே அடிமையாவர். தமிழிளைஞரே, அவைக்குச் செல்லுங்கள், கையேந்திச் செல்லாதீர், கணக்கோடு செல்லுங்கள். உங்கள் ஊரின் துன்பத்தை உங்கள் ஊரின் சொல்லால் சொல்லுங்கள். எண்ணைக் கூட்டாதீர், குறையாதீர். வேண்டியதை வெளிப்படக் கேளுங்கள். தருவோர் தரட்டும், மறுப்போர் மறுக்கட்டும். உங்கள் தமிழ் விளங்கியும் மறுத்தாரெனின், அது கணக்கின் குறை, திருத்திக்கொள்ளலாம். தமிழென்பதனாலேயே மறுத்தாரெனின், அது நாட்டின் குறை. அதைத் திருத்துவது இயக்கத்தின் கடன். அக்கடனைத் தீர்க்க எழுக தமிழர்!